திடலின் ஒலியை மக்களிடம் கேட்டறிவது எப்படி?

ஈரோடு மணிக்கூண்டுப் பகுதியில் நாங்கள் நான்கு பேர் முதன்முறையாகக் கேள்வித்தாளோடு இறங்கியபோது, முதல் கேள்வியாக “இங்கே சத்தம் எப்படி இருக்கிறது?” என்று அச்சடித்து வைத்திருந்தோம். பழக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லூரிப் பெண் என ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “தாங்கலீங்க.” தள்ளுவண்டியில் கடலை வறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா மட்டும் கரண்டியை நிறுத்திவிட்டுத் திருப்பிக் கேட்டார்: “எந்தச் சத்தத்தைக் கேக்கற சாமி? ஆரனையா, ஆளுக பேசறதையா? ஆளுக பேச்சு நின்னு போச்சுன்னா எனக்கு ஏவாரமும் நின்னு போச்சுன்னுதான் அர்த்தம்.”

அன்று வாங்கிய தாள்கள் அத்தனையையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. நம் பேச்சுவழக்கில் ‘சத்தம்’ என்ற சொல்லே பாதி புகார். “என்ன அங்கே சத்தம்?” என்று கேட்பவர் விவரம் கேட்பதில்லை, அதட்டுகிறார். அந்தச் சொல்லை வைத்துக் கேள்வி கேட்டால் வருவது குறை மட்டுமே. அந்தத் திடலில் ஒருவர் என்னென்ன கேட்கிறார், எதை விரும்புகிறார், எதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை என்பவையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டுப் போகும். ஒரு பொதுவெளியின் ஒலிச்சூழலை மக்கள் எப்படி உணர்கிறார்கள் என்று அறிய விரும்பும் மாணவர் குழுவோ, குடியிருப்போர் சங்கமோ, வார்டு உறுப்பினரோ, ஒலியின் அளவைக் காட்டும் டெசிபல் மீட்டரைத் தேடுவதற்கு முன்னால் கேள்வியின் சொற்களைத் தேட வேண்டும் என்பது அந்த அம்மாவிடம் நாங்கள் கற்ற பாடம்.

எதை ஆராய்கிறோம்

‘ஒலிச்சூழல்’ என்று ஆய்வாளர்கள் சொல்வது ஒலியின் அளவை அன்று. சர்வதேசத் தரநிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2014இல் வெளியிட்ட 12913 தரநிலையின் முதல் பகுதி, ஓரிடத்து ஒலிகளை அவ்விடத்தின் பின்னணியோடு சேர்த்து ஒருவரோ பலரோ உணர்ந்தும் அனுபவித்தும் புரிந்தும் கொள்கிற விதத்தையே அப்படி வரையறுக்கிறது. ஆகவே மீட்டரில் 70 டெசிபல் என்று காட்டும் இரண்டு இடங்கள் ஒலிச்சூழலில் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை: ஒன்று சந்தை, இன்னொன்று ஆஸ்பத்திரி வாசல் என்றால் கேட்பவர் மனத்தில் அந்த ஒரே எண் இரண்டு வெவ்வேறு பொருளாகவே விழும்.

இந்தத் துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் கனடாவின் இசையமைப்பாளர் ரேமண்ட் மரே ஷேஃபர். அவர் ஓர் ஊரின் ஒலிகளை மூன்றாகப் பகுத்தார், அந்தப் பகுப்பு களத்தில் இன்றும் கைகொடுக்கிறது. தம்புராவின் சுருதிபோல அடியில் ஓடிக்கொண்டே இருந்து கவனத்துக்கு வராமல் போவது அடிநாதம். கவனத்தைத் தன் பக்கம் இழுப்பது அழைப்பொலி. அந்த ஊருக்கே உரியதாகி, அங்குள்ளோர் மதித்துப் போற்றுவது அடையாள ஒலி. சோமனூர், பல்லடம் பக்கத்துத் தெருக்களில் விசைத்தறிச் சத்தம் அடிநாதம்; நள்ளிரவில் கரண்ட் போய்த் தறி நின்றதும் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருகிறவர்கள் அங்கே உண்டு. நடத்துநரின் விசில் அழைப்பொலி. கோவையில் ஒரு தலைமுறை கடிகாரம் பார்க்காமலே ஷிப்டுக்குக் கிளம்பக் காரணமாயிருந்த மில் சங்கு, அடையாள ஒலி.

இடமும் எல்லையும் நேரமும்

ஐரோப்பிய நகரங்களில் உள்ளதுபோல நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த சதுக்கம் கொங்கு ஊர்களில் அரிது. நமக்கு வாய்த்தவை தேர்நிலைத் திடல், கோயில் முன்வெளி, சந்தைப்பேட்டை, மணிக்கூண்டு முக்கு, நால்ரோடு ஆகியவை. கோவை ராஜவீதித் தேர்நிலைத் திடல், ஈரோடு பன்னீர்செல்வம் பூங்காப் பகுதி, உடுமலை குட்டைத்திடல் போன்ற இடங்களை எடுத்துக்கொண்டால், எங்கே திடல் முடிந்து சாலை தொடங்குகிறது என்பதே முதல் சிக்கலாகும். எல்லையை வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், மக்கள் எதுவரை நின்று பேசுகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். நடந்துகொண்டே இருப்பவர்கள் இருக்கும் இடம் சாலை. நிற்பவர்களும் உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கும் இடமே உங்கள் களம். அதற்குள் ஐந்தாறு நிற்குமிடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று போக்குவரத்தை ஒட்டி, ஒன்று மரத்தடியில், ஒன்று கோயில் வாசலில், ஒன்று கடைகளின் நடுவே, ஒன்று எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கிய மூலையில்.

நேரத்தைப் பொறுத்தவரை காலை 6 மணி, நண்பகல், மாலை விளக்கு வைக்கும் வேளை, இரவு 9 மணி என நான்கு பொழுதுகள் போதும். எந்த நாள் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஈரோட்டில் வாரந்தோறும் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்வரை ஜவுளிச்சந்தை கூடும். அந்த நாளில் எடுத்த பதிவை ஊரின் வழக்கமான நிலையாகக் காட்டுவது, கல்யாணத்தன்று வீட்டுக்கு வந்தவர் அந்த வீட்டில் தினமும் நூறு பேருக்குச் சமையல் நடப்பதாக எழுதுவதற்கு ஒப்பாகும். சாதாரண நாள், சந்தை நாள், திருவிழா நாள் மூன்றையும் தனித்தனித் தாளில் வைத்திருங்கள், ஒருபோதும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள்.

முதலில் உங்கள் காது

மற்றவரைக் கேட்பதற்கு முன் குழுவினரே ஒருமுறை ஒலிநடை போய்வர வேண்டும். ஆறேழு பேர் பேச்சில்லாமல், போனை அணைத்துவிட்டு, குறித்த வரிசையில் நடந்து, ஒவ்வோர் இடத்திலும் மூன்று நிமிடம் நின்று கேட்டு, கேட்டதை எழுதிக்கொள்வதே ஒலிநடை. கேட்கும்போது எழுதாமல், கேட்டு முடித்தபின் எழுதுங்கள். எழுதுகிற கை கேட்கிற காதைத் தடுக்கும்.

முதல் நிமிடத்தில் எல்லோர் தாளிலும் பஸ், பைக், ஹாரன் என்றுதான் இருக்கும். இரண்டாம் நிமிடத்தில் மனிதக் குரல்கள் பிரியத் தொடங்கும்: கூவி விற்பவர், பேரம் பேசுபவர், அதட்டுகிற தாய். மூன்றாம் நிமிடத்தில்தான் டீ ஆற்றுகிறவரின் கிளாஸ் டம்ளரில் தட்டும் ஒலி, பூக்கடையில் நார் கிழிபடும் ஒலி, தூங்குமூஞ்சி மரத்தில் அடையும் மைனாக்களின் சச்சரவு ஆகியவை வந்து சேரும். மைனாக்கள் மாலை முழுவதும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கும், நாம்தான் மூன்றாம் நிமிடத்தில் அவற்றிடம் போய்ச் சேர்ந்திருப்போம். ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாமே என்று அவசரப்படும் உறுப்பினர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். அவரையே நேரம் பார்க்கும் பொறுப்பில் வைத்துவிடுவது நல்லது.

மீட்டரை வைக்கும் முறை

மீட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனுக் கொடுக்கும்போது எண்ணில்லாத தாளை எந்த அலுவலகத்திலும் யாரும் புரட்டுவதில்லை. கைபேசிச் செயலியை நம்பாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். எங்கள் இரண்டு போன்களை அருகருகே வைத்தபோது ஐந்தாறு டெசிபல் வேறுபட்டன. ஒலி ஆற்றல் இருமடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே, 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இருமடங்காகக் கேட்கும் என்பதை நினைத்தால், அந்த ஐந்தாறு எவ்வளவு பெரிய பிழை என்பது விளங்கும். பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் ‘கிளாஸ் 2’ எனப்படும் துல்லியத் தரமுள்ள மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, அளக்கும் முன்னும் பின்னும், தெரிந்த அளவில் ஒலி எழுப்பும் அளவொலிக் கருவியால் 94 டெசிபலுக்குச் சரிபார்த்துக்கொள்வதே முறை.

மீட்டரைத் தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவரைவிட்டு மூன்று நான்கு மீட்டர் தள்ளி, மனிதக் காது கேட்கும் விதத்துக்கேற்ப அளக்கும் ‘ஏ’ எடையிடலில் வைக்க வேண்டும். மூன்று எண்களைக் குறித்தால் போதும். ஏறி இறங்கும் ஒலியை, அளந்த நேரம் முழுவதும் அதே ஆற்றலோடு ஒரே சீராக ஒலித்ததுபோல் மாற்றிச் சொல்லும் சமான அளவு எல்-ஈக்யூ. நேரத்தில் பத்து விழுக்காடு மட்டும் தாண்டப்படும் அளவு எல்-10. தொண்ணூறு விழுக்காடு நேரம் தாண்டப்படும் அளவு எல்-90. கடைசியதே திடலின் அடிநாதம். எல்-10க்கும் எல்-90க்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், அமைதியான பின்னணியை ஹாரன் போன்ற ஏதோ ஒன்று அடிக்கடி கிழிக்கிறது என்று பொருள்.

கொங்குக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி பிறந்தது முதல் ஆவணி வரை வீசும் காற்று, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துத் திடல்களில் மீட்டரின் மைக்கை ஊதியே எண்ணை ஏற்றிவிடும். மைக்குக்குப் பஞ்சுறை கட்டாயம். காற்று வினாடிக்கு 5 மீட்டருக்கு மேல் போனால் அன்றைய அளவையை விட்டுவிடுங்கள். ஆடிக்காற்றில் எடுத்த டெசிபலை வைத்துப் பஸ்காரர்களோடு சண்டைக்குப் போவது நியாயமில்லை.

கேள்வியின் சொற்கள்

இனி நாங்கள் முதலில் தவறிய இடம். ஐ.எஸ்.ஓ. 12913இன் இரண்டாம் பகுதி (2018) தரும் கேள்வித்தாளில் எட்டு அடைமொழிகள் இருக்கின்றன. அவை இரண்டு அச்சுகளின்மேல் அமைந்தவை: ஒன்று இதம் முதல் எரிச்சல் வரை; மற்றது சந்தடி மிகுதி முதல் சந்தடியின்மை வரை. இந்த இரண்டுக்கும் இடையில் மூலைவாட்டாகக் கலகலப்பு, குழப்பம், நிம்மதி, சலிப்பு ஆகிய நான்கும் வரும். இதமும் சந்தடியும் சேர்ந்தால் கலகலப்பு. எரிச்சலும் சந்தடியும் சேர்ந்தால் குழப்பம். இதமும் சந்தடியின்மையும் சேர்ந்தால் நிம்மதி. எரிச்சலும் சந்தடியின்மையும் சேர்ந்தால் சலிப்பு.

இந்த எட்டையும் தமிழில் சொல்வது அகராதியைப் பார்த்து முடிக்கிற வேலை இல்லை. முதலில் ‘அமைதியாக’ என்று போட்டோம், கேட்டவர்கள் அதைச் ‘சத்தமில்லாமல்’ என்றே எடுத்துக்கொண்டு, “மணிக்கூண்டுல எங்கீங்க அமைதி?” என்று சிரித்தார்கள். ‘நிம்மதியா’ என்று மாற்றியபின்தான், மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், நூறு அடி தள்ளிப் பஸ்கள் போய்க்கொண்டிருக்கும்போதே, “இங்க நிம்மதிதானுங்க” என்றார். சந்தடியின்மைக்கு ‘வெறிச்சென்று’ என்பது பொருத்தமாகப் பட்டது. ஆனால் அதில் யாரோ இல்லாமல் போன துயரம் ஒட்டியிருக்கிறது. பண்டிகை முடிந்த தெருவையும் இழவு விழுந்த வீட்டையும் அப்படிச் சொல்வதால், ‘சந்தடி இல்லாம’ என்றே வைத்துக்கொண்டோம். ‘அமளி’ புத்தகச் சொல்லாக நின்றுவிட்டது. ‘ஒண்ணும் புரியாம கசகசன்னு’ என்றதும் எல்லோருக்கும் விளங்கியது. கலகலப்புக்கு மட்டும் நாங்கள் எந்தச் சிரமமும் படவில்லை. ஆய்வாளர்கள் பல மொழிகளில் தேடி அலையும் ஒரு பொருளுக்கு நம்மிடம் அடுப்படியிலேயே சொல் இருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கேட்கும் வரிசை முக்கியம். “ஏனுங்க, ஒரு அஞ்சு நிமிசம் பேசலாங்களா?” என்று தொடங்கி, முதலில் திறந்த கேள்வியைக் கேளுங்கள்: “இப்ப இங்க உங்க காதுல என்னென்ன விழுதுங்க?” அவர் சொல்லும் வரிசையிலேயே, அவர் சொற்களிலேயே எழுதுங்கள். அடுத்து வண்டி ஒலி, மற்ற எந்திர ஒலி, மனிதர் ஒலி, இயற்கை ஒலி என நான்கு வகையும் எவ்வளவு கேட்கின்றன என்று. அதன்பிறகு எட்டு அடைமொழிகள். கடைசியாக, “இந்த இடத்துக்கு இந்த ஒலி பொருந்துதுங்களா?” ஒலியைப் பற்றிய குறையை முதலில் கேட்டுவிட்டால், பிறகு மைனாவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

தாளை நீட்டிக் கட்டம் போடச் சொல்லாதீர்கள். கடைக்காரரின் இரண்டு கையும் வேலையில் இருக்கும். நாங்கள் கண்டுபிடித்த வழி விரல் எண்ணிக்கை. துளியும் இல்லை என்றால் ஒரு விரல், முழுக்க அப்படித்தான் என்றால் ஐந்து விரல். “கலகலப்புக்கு எத்தனை விரலுங்க?” என்றதும் கடலைக்கார அம்மா மாவு படிந்த கையை முழுதாக விரித்தார், “எரிச்சலுக்கு?” என்றதற்கு இரண்டைக் காட்டி, ஒரு ஏர் ஹாரன் அடித்ததும் மூன்றாவதையும் நீட்டினார்.

யாரைக் கேட்பது

நின்று பேசச் சம்மதிப்பவர்களை மட்டுமே கேட்டால், பொழுது இருப்பவர்களின் காதுதான் உங்களுக்குக் கிடைக்கும். கடைக்காரர், ஓட்டுநர், காத்திருப்பவர், கடந்துபோகிறவர், அந்தத் திடலை ஒட்டிக் குடியிருப்பவர் என ஐந்து கூட்டத்தையும் தனித்தனியாகக் கணக்கு வையுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் இருபது பேருக்குக் குறைந்தால் சராசரி பேசாதீர்கள். பல ஆண்டுகள் அங்கேயே இருப்பவருக்குப் பல ஒலிகள் கேட்பதே இல்லை. அவை இல்லை என்று அவர் சொன்னால் அது பொய்யும் ஆகாது, முழு உண்மையும் ஆகாது. குடியிருப்பவருக்கு இரவு 11 மணி ஒலிதான் ஒலி, பகலில் வந்துபோகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பார்வையற்றோரை விட்டுவிடாதீர்கள். டீக்கடைப் பாய்லரின் ‘உஸ்’ஸை வைத்தே தான் திரும்ப வேண்டிய முக்கைக் கண்டுபிடிப்பதாக ஒருவர் எங்களிடம் சொன்னார். தொடர்ந்து ஹாரன் அடித்தால் அந்த உஸ் மறைந்துபோய், அவர் திசை தவறி நிற்க வேண்டியிருக்கிறது. இரைச்சலால் ஒருவருக்கு என்ன இழப்பு என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த மீட்டரும் எங்களுக்குக் காட்டவில்லை.

திருவிழாப் பதிவில் இன்னும் கவனம் வேண்டும். பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டபின், இரவுகளில் அதைச் சுற்றி மேளத்துக்கு ஆடுவார்கள். மீட்டர் அதைப் பெரும் இரைச்சலாகவே காட்டும். ஆடுகிறவரும் பார்க்கிறவரும் கலகலப்புக்கு ஐந்து விரல் காட்டுவார்கள். பக்கத்தில் நோயாளியை வைத்திருக்கும் வீட்டார் ஒன்றும் சொல்லாமல் சன்னலைச் சாத்துவார்கள். மூன்றையும் எழுதுங்கள், தீர்ப்புச் சொல்லும் வேலையைத் தாளில் செய்யாதீர்கள்.

கணக்கு

ஐ.எஸ்.ஓ. 12913இன் மூன்றாம் பகுதி (2019) தரும் கணக்கு மனக்கணக்குக்குச் சற்றே மேலானது. இதத்திலிருந்து எரிச்சலைக் கழியுங்கள். நிம்மதியிலிருந்து குழப்பத்தையும், கலகலப்பிலிருந்து சலிப்பையும் கழித்து, இரண்டையும் 0.707ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், வருவதை 9.657ஆல் வகுத்தால் இத அளவு. சந்தடி அளவுக்கு, சந்தடியிலிருந்து சந்தடியின்மையைக் கழித்து, குழப்பத்திலிருந்து நிம்மதியையும் கலகலப்பிலிருந்து சலிப்பையும் கழித்து, மேற்சொன்னபடியே பெருக்கிக் கூட்டி வகுக்க வேண்டும். இரண்டும் −1க்கும் +1க்கும் இடையில் நிற்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு தாள்: இதம் 3, எரிச்சல் 3, நிம்மதி 1, குழப்பம் 4, கலகலப்பு 4, சலிப்பு 2, சந்தடி 5, சந்தடியின்மை 1. இத அளவு −0.07 ஆகவும் சந்தடி அளவு 0.78 ஆகவும் வரும். அதாவது சந்தடி உச்சத்தில் இருக்க, அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று அவர் மனம் நடுவில் நிற்கிறது. இப்படிப்பட்ட திடலில் ஒலியைக் குறைத்தால் கலகலப்பும் சேர்ந்து போய்விடலாம். குழப்பத்தைத் தரும் ஒலி எது என்று திறந்த கேள்வியின் பதில்களில் தேடி, அதை மட்டும் எடுக்க வழி பார்க்க வேண்டும். இத அளவை ஓர் அச்சாகவும் சந்தடி அளவை மற்றோர் அச்சாகவும் கொண்ட வரைபடத்தில் ஒவ்வொருவர் தாளையும் ஒரு புள்ளியாக இடுங்கள், சராசரிப் புள்ளி ஒன்றை மட்டும் இடாதீர்கள். கடைக்காரர்களின் புள்ளிகள் ஒரு பக்கமும் குடியிருப்பவர்களின் புள்ளிகள் மறுபக்கமும் குவிவதை அப்போதுதான் காண முடியும்.

தாளோடு எங்கே போவது

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65, இரவில் 55 டெசிபல் என்றும், குடியிருப்புக்கு 55, 45 என்றும் வரம்பு வைத்திருக்கின்றன. ஆஸ்பத்திரி, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர்வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே 50, 40. இரவு என்பது 10 முதல் காலை 6 வரை. கூர்மையாகவும் பல சுரங்களிலும் அலறும் ஹாரன்களை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி தடுக்கிறது. மனுவில் இந்த எண்களை முன்னால் வைத்து, விரல் கணக்கைப் பின்னிணைப்பாகத் தாருங்கள். அலுவலர் முதலாவதைப் படிப்பார், கூட்டத்தில் பேசும்போது இரண்டாவதுதான் எடுபடும்.

கேட்பது தடை மட்டுமாக இருக்க வேண்டியதில்லை. பெர்லினில் நவ்னர் பிளாட்ஸ் என்ற திடலைச் சீரமைத்தபோது அப்பகுதி மக்களைக் கேட்டு, சாலையோரத்தில் தாழ்வான ஒலித்தடுப்புச் சுவரும், பறவை, நீர் ஒலிகளைத் தரும் இருக்கைகளும் வைத்தார்கள். அதற்கு 2012இல் ஐரோப்பிய ஒலிச்சூழல் விருது கிடைத்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரயில் நிலையத்து முன்வெளியில் ஓடும் நீர்ச்சுவர், சாலை இரைச்சலைக் காதிலிருந்து மறைக்கிறது. நம் ஊரில் நீரூற்று வைத்தால் ஆறு மாதத்தில் வறண்ட தொட்டியாகி அதில் சுவரொட்டி ஒட்டுவார்கள் என்பது என் அனுபவம். ஆட்டோ நிறுத்தத்தை இருபது மீட்டர் தள்ளிவைப்பதும், மைனா அடையும் மரத்தை வெட்டாமல் விடுவதும், அதன் நிழலில் ஒரு திண்ணை கட்டுவதும் செலவு குறைந்தவை, நிலைக்கவும் செய்பவை.

மாற்றம் ஏதேனும் நடந்தால், அதே மாதத்தில், அதே கிழமையில், அதே நிற்குமிடங்களில், அதே எட்டுச் சொற்களோடு மறுபடி போங்கள். சொல்லை மாற்றினால் பழைய தாளோடு ஒப்பிட முடியாது. விரல் கணக்கோடு நாங்கள் மறுபடி போனபோது கடலைக்கார அம்மா எங்களை அடையாளம் கண்டு, கேள்வி கேட்பதற்கு முன்பே கையைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டிவிட்டார்.